மிச்சப்பெட்டி

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த கடைசிக் காலத்தில், எதிரே ஏரிக்குள் தீவாகக் கிடந்த பசியாவரத்தில் நீலமேகம் என்றொரு தோணிக்காரன் இருந்தான். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அவன் அப்பன் வலை கட்டினான், இவனும் சின்ன வயதில் கட்டினான். ஆனால் ஊரார் யாரும் அவனை வலைக்காரன் என்று சொல்வதில்லை. "சராப்புத் தோணி வருது பாரு" என்றுதான் சொல்வார்கள். பழவேற்காடு கடைத்தெருவில் சராப்புக்கடை வைத்திருந்த சம்பந்தத்தின் பணப்பெட்டிகளை ஏரியின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து திரும்பக் கொண்டுவருவதும் அவன் வேலை.

சம்பந்தம் முதலில் காசு மாற்றுகிறவராக மட்டும்தான் இருந்தார். கோட்டைக்குள் காசு அடிக்கிற கம்பட்டத்திலிருந்து வந்த வராகன், நவாபு ஊரிலிருந்து வந்த பணம், கப்பல்காரர்கள் கொண்டுவந்த வெள்ளி எல்லாம் அந்தத் தெருவில் புழங்கின. எது முழு எடை, எது தேய்ந்தது என்று உரைகல்லில் பார்த்து மாற்றிக் கொடுத்துச் சம்பாதித்தார். பிறகு ஊரார் பணத்தை வட்டிக்கு வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அதை மேற்குக் கரையில் இருந்த ஆரம்பாக்கத்துப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு முன்பணமாகக் கொடுப்பார். அவர்கள் நெய்த துணி கோட்டைக்குப் போய்க் கப்பல் ஏறும். கோட்டையிலிருந்து பொன் வரும். அதில் ஊராருக்கு வட்டி கொடுப்பார். ஆரம்பாக்கத்தில் அவருக்கு ஒரு கிளைக்கடையும் இருந்தது.

தை பிறப்பதற்கு முன்னால், வருஷத்துக் கணக்கை முடித்தபின், ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு தேக்குப் பெட்டி தனியாக வரும். தறிக்காரர் கூலி, ஊரார் வட்டி, தோணி வாடகை, கோயிலுக்கு எழுதினது எல்லாம் கொடுத்தது போக மிஞ்சினதை அதில் போட்டு அனுப்புவார்கள். கடையில் அதற்கு மிச்சப்பெட்டி என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தொட்டுக் கும்பிட்டு இறக்கச் சொன்ன சம்பந்தம், நீலமேகத்திடம் காரணமும் சொன்னார்.

"மத்த பெட்டியில வர்றது போறது எல்லாம் ஊரார் காசு நீலமேகம். என் கை வழியா நடக்குது, அவ்வளவுதான். இதுல இருக்கிறதுதான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத காசு. இது இருக்கிற வரைக்கும் கடை இருக்கும்."

சம்பந்தம் உயரம் குறைவானவர், மெல்லிய குரல். கிராம்பு மென்றுகொண்டே பேசுவார். யாரையும் திட்டி நீலமேகம் கேட்டதில்லை. அவன் மனைவி பச்சையம்மாவுக்குப் பிரசவத்தில் ஜன்னி கண்டபோது கோட்டை வைத்தியனைத் தோணியில் அனுப்பி வைத்தவர் அவர்தான். பிள்ளை பிழைக்கவில்லை, பச்சையம்மா பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர் எது சொன்னாலும் நீலமேகத்துக்கு வேதம்.

அந்த நம்பிக்கையில்தான் பசியாவரத்து ஊர்ப் பணத்தையும் அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னான். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள், அதற்குப் பாடு என்று பேர். பாட்டுக்கு ஒவ்வொரு வீடும் கொடுக்கிற பணம் ஊர்ப் பொதுவில் சேரும். புயலில் வலை போனவனுக்கும், கடலில் ஆள் போன வீட்டுக்கும் அதிலிருந்துதான் கொடுப்பார்கள். ஊர்த் தலைவர் அங்கமுத்து அதை மண்பானையில் புதைத்து வைத்திருந்தார். உறவில் பச்சையம்மாவுக்கு மாமன்.

"மண்ணுல இருந்தா குட்டி போடாது மாமா. சராப்புகிட்ட இருந்தா வருசா வருசம் ஒரு வலைக்கு ஆவும்" என்றான் நீலமேகம்.

அங்கமுத்து ரொம்ப நாள் யோசித்துவிட்டுப் பானையைத் தோண்டி எடுத்துக் கொடுத்தார். பச்சையம்மாவும் தன் பங்குக்குச் சொன்னாள். அவள் மீன் கூடையோடு ஆரம்பாக்கத்துச் சந்தைக்குப் போவாள். அங்கே இருசம்மாள் என்ற பெண் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இறால் விற்பாள். வலையோ தோணியோ இல்லாத குடும்பம். இடுப்புத் தண்ணீரில் இறங்கிச் சேற்றில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். பச்சையம்மா சொல்லித்தான் இருசம்மாள் மகள் கல்யாணத்துக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைக் கிளைக்கடையில் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து அந்தக் குப்பத்தில் பலரும் போட்டார்கள்.

நல்ல வருஷங்களில் மிச்சப்பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். தோணியின் பின்பக்கம் தண்ணீரில் அழுந்திப் போகும். பிறகு ஒரு வருஷம் ஒரே ஆள் தூக்கினான். நீலமேகம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மழை தவறினால் மீன் குறைகிற மாதிரி இதுவும் என்று இருந்துவிட்டான். அடுத்தடுத்த வருஷங்களில் அவனே இடுப்பில் வைத்துக்கொண்டு கரை ஏறினான். கோட்டைக்கு வரும் கப்பல்கள் குறைந்திருந்தன. கடலில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே சண்டை மூளப் போகிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். கம்பட்டத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்காத நாட்களே அதிகம். துணிக் கட்டுகள் கோட்டைக் கிடங்கில் அடுக்கியபடி கிடந்தன.

ஒரு வருஷம் தை பிறந்தும் மிச்சப்பெட்டி வரவேயில்லை. அதற்கடுத்த வருஷம் அது எதிர்த்திசையில் போயிற்று. சம்பந்தம் பழவேற்காட்டிலிருந்து அதை நிரப்பி, ஆரம்பாக்கத்தில் விழுந்த பள்ளத்தை அடைக்க அனுப்பினார். தொட்டுக் கும்பிடச் சொல்லவில்லை. தோணியில் ஏற்றும்போது கடைக்குள்ளேயே நின்றுகொண்டார்.

இதெல்லாம் நடந்தபோது வெளியே பார்த்தால் கடை முன்னைவிடச் செழிப்பாகத் தெரிந்தது. சம்பந்தம் வட்டியை உயர்த்தினார். கோயில் தேருக்குப் புது வடம் வாங்கிக் கொடுத்தார். கடை வாசலுக்குப் பித்தளைக் குமிழ் வைத்த கதவு வந்தது. முன்பெல்லாம் பெட்டி போவது யாருக்கும் தெரியக்கூடாது என்று விடியலில் சத்தமில்லாமல் ஏற்றுவார்கள். இப்போது நல்ல வெயிலில், கடைத்தெரு வழியாக, முன்னால் ஒருவன் தப்பு அடித்துக்கொண்டு போக, ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் காவலாக வர, பெட்டிகள் துறைக்கு வந்தன. ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் மிச்சம் மீதி இருந்ததையும் எடுத்து வந்து கடையில் போட்டார்கள்.

ஆனி மாதத்தில் அப்படி ஒரு பயணம். ஏரியின் நடுவில் போகும்போது மேல்திசைக் கச்சான் காற்று திடீரென்று பிடித்துக்கொண்டது. மேற்கே வானம் காவி நிறத்தில் இருந்தது. தண்ணீர் சின்னச் சின்னதாகக் குத்தி எழுந்து தோணிக்குள் விழுந்தது. காவல்காரர்கள் இரண்டு பேரும் முன்பக்கத்தில் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள். தோணி ஒரு பக்கம் சாயவே, நீலமேகம் பெட்டி ஒன்றை மறுபக்கம் இழுத்தான். அடிப்பலகை உளுத்திருந்தது. விரிசல் வழியாக உருண்டையாக ஏதோ அவன் உள்ளங்கையில் விழுந்தது.

சுட்ட மண் குண்டு. வலை அடியில் கட்டுகிற குண்டு. பிறந்ததிலிருந்து அவன் கை அறிந்த சாமான்.

இன்னொன்று விழுந்தது. இரண்டையும் திரும்ப உள்ளே திணித்து, இடுப்புத் துணியைக் கிழித்து விரிசலை அடைத்தான். காவல்காரர்கள் தலையை நிமிர்த்தவில்லை. கரை சேர்கிற வரைக்கும் காற்று அடித்தது. அவனுக்கு அது காதில் விழவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போய், கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்து, உள் அறைக்குள் நுழைந்தான்.

"பெட்டில இன்னா கீது சாமி?"

சம்பந்தம் அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ பார்த்ததுதான் இருக்கு. மேலாக ஒரு வரிசை காசு. கீழே குண்டு."

"அப்ப ஊரார் பணம்?"

"துணியா இருக்கு. கோட்டைக் கிடங்குல அடுக்கிக் கிடக்கு. கப்பல் வந்து ஏத்தினா பொன்னாகும். நான் திருடல நீலமேகம். என் பெண்டாட்டி கழுத்துல இருந்ததையும் போன மாசம் இதுலதான் போட்டேன்." கிராம்பு டப்பாவைத் திறந்தார், எடுக்காமலே மூடினார். "எந்தச் சராப்பு கையிலயும் எல்லார் பணமும் இருக்காது. எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் கடை நடக்குது. நீ வாயைத் திறந்தா நாளைக்கே வந்து நிப்பாங்க. முதல்ல நிக்கிற நாலு பேருக்குக் கிடைக்கும். மத்தவன் தெருவுல அழுவான். நீ சும்மா இருந்தா கப்பல் வர்ற வரைக்கும் நான் இழுத்துப் பிடிச்சிடுவேன். எல்லாருக்கும் கிடைக்கும். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று நீலமேகம் தேடினான், கிடைக்கவில்லை.

சம்பந்தம் உள்ளே போய் ஒரு கித்தான் பையோடு வந்தார். "உங்க ஊர்ப் பணம். வட்டியோட இருக்கு. வலைக்கு நூல் வாங்கணும்னு ஊர்ல கேட்டாங்கன்னு சொல்லிக்கோ. எடுத்துக்கிட்டுப் போ."

அவன் கையை நீட்டாமல் நின்றான். பிறகு நீட்டினான்.

அங்கமுத்துவுக்கு ஆச்சரியம். "இன்னாடா, வட்டி ஏத்தினாருன்னு ஊரே அங்க ஓடுது. நீ எடுத்துகினு வர்ற?" என்றார். புது வலை போடலாம் என்று தோன்றியது என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தாரே தவிர மேலே கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தார். பானையை மறுபடியும் புதைத்ததாக ஊரில் சொன்னார்கள்.

பச்சையம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்துக் கேட்டாள், சொல்லிவிட்டான்.

"இருசம்மாள் பணம்?" என்றாள் உடனே.

"வாயைத் தொறக்காத. ஒருத்திகிட்ட சொன்னா குப்பத்துக்கே தெரியும். கடை விழுந்துடும். அப்ப யாருக்குமே இல்ல."

"நம்மளுது மட்டும் வந்துருச்சு இல்ல."

"கப்பல் வந்துரும்."

"வர்லன்னா?"

அவன் கை கழுவ எழுந்துவிட்டான்.

அந்த ஆடி மாதம் முழுக்கப் பச்சையம்மா சந்தையில் இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றாள். இருசம்மாள் சிரித்த முகம், ஓயாமல் பேசுவாள். சேற்றில் துழாவித் துழாவி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்த விரல்களால் வெற்றிலை மடித்துக் கொடுப்பாள்.

"அக்கா, பெரிய பொண்ணு கொலுசையும் வித்துப் போட்டுட்டேன். இப்ப வட்டி ஏறியிருக்காமே. ஆவணிக்குள்ள கல்யாணத்த வச்சுருவேன். எல்லாம் உன்னாலதான்."

பச்சையம்மா வெற்றிலையை வாங்கி மென்றாள். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. அடுத்த சந்தைக்கு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். இருசம்மாள் தேடிக்கொண்டு வந்து, "கோபமாக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் பச்சையம்மா உடைந்தாள். அவள் முழங்கையைப் பிடித்துக் கூடைகளுக்குப் பின்னால் இழுத்துப் போய், "இன்னைக்கே போய் எடுத்துடு. ஏன்னு கேட்காத" என்றாள்.

இருசம்மாள் அப்படியே கிளைக்கடைக்குப் போனாள். குமாஸ்தா நாளை வா என்றான். நாளை போனாள், வெள்ளிக்கிழமை கொடுப்பதில்லை என்றான். அதற்குள் அவள் நிற்பதைப் பார்த்து இன்னும் சிலர் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கூலி பாக்கி கேட்டுத் தறிக்காரர்கள் வந்தார்கள். வார முடிவில் ஆரம்பாக்கத்துக் கடை கதவு சாத்தியிருந்தது. ஜனங்கள் கிடைத்த தோணியில் ஏறிப் பழவேற்காட்டுக்கு வந்து, பித்தளைக் குமிழ் வைத்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் அங்கேயே கல்லு கூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். யாரும் கத்தவில்லை. தெருவே அவ்வளவு அமைதியாக இருந்ததுதான் பயமாக இருந்தது என்று பிற்பாடு பச்சையம்மா சொல்வாள்.

சம்பந்தம் வாசலுக்கு வந்து கும்பிட்டார். கப்பல் வருகிறது, அதில் தனக்குப் பொன் வருகிறது, வந்ததும் ஒரு காசு பாக்கியில்லாமல் கொடுப்பேன் என்றார். அவர் அதிர்ஷ்டமோ என்னவோ, கப்பல் வந்தேவிட்டது. முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கொடிமரம் கரையிலிருந்தே தெரிந்தது. காத்திருந்தவர்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அன்று மதியம் நீலமேகத்துக்கு ஆள் வந்தது. பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள். சம்பந்தம் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். பக்கத்தில் நான்கு பெட்டிகள், பூட்டுப் போட்டு.

"கப்பல்ல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "அரிசியும் சாராயமும் வந்திருக்கு. சண்டை தொடங்கிட்டதாம். துணி ஏத்த மாட்டாங்களாம்."

நீலமேகம் பெட்டிகளைப் பார்த்தான்.

"இந்தப் பெட்டியிலயும் குண்டுதான். காலிப் பெட்டி மாதிரி எல்லாரும் பார்க்க ஏத்திக்கிட்டு கப்பலுக்குப் போ. கப்பலை ஒட்டி அந்தப் பக்கமாக் கொஞ்ச நேரம் நில்லு. திரும்பி வரும்போது பொன்னோட வர்றதா நினைப்பாங்க. முகத்துவாரத்துல அலை இருக்கு, மணல் மேடு இருக்கு. அங்க தோணி கவிழறது புதுசில்ல. உனக்கு நீந்தத் தெரியும்."

"சாமி..."

"கடல் எடுத்துக்கிட்டதுக்கு யாரும் யாரையும் கேட்க முடியாது. அழுதுட்டுப் போயிடுவாங்க. நானும் அழுவேன். கோட்டைக்காரங்க ஏதாவது கைகொடுப்பாங்க. திரும்ப ஆரம்பிச்சு எல்லாருக்கும் கொடுப்பேன். சத்தியமா கொடுப்பேன்."

"என்னால ஆவாது சாமி."

சம்பந்தம் குரலை உயர்த்தவில்லை. "பசியாவரத்துப் பணம் மட்டும் முன்னாடியே போச்சுன்னு வெளியே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. நீ குண்டைப் பார்த்த மறுநாள் வாங்கிட்டுப் போனேன்னும் தெரியாது. அவங்க எல்லாரும் நீ சொல்லித்தான் என்னை நம்பினாங்க, உன் பெண்டாட்டி சொல்லித்தான். நான் வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நீலமேகம் பெட்டிகளைத் தூக்கினான். காலிப் பெட்டி என்று காட்டுவதற்காக ஒவ்வொன்றையும் ஒற்றை ஆளாகத் தோளில் வைத்து, முகம் சுளிக்காமல் தெரு வழியாக நடந்தான். கூட்டம் வழிவிட்டது. இருசம்மாள் ஓரமாக நின்றிருந்தாள். "அண்ணே, பத்திரமா போய்ட்டு வா" என்றாள்.

கப்பலை ஒட்டி மறுபக்கம் தோணியை நிறுத்தியபோது மேலே இருந்த மாலுமிகள் என்ன வேண்டும் என்று சைகை காட்டினார்கள். ஒன்றுமில்லை என்று கையசைத்தான். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. வெறுமனே உட்கார்ந்திருந்தான். கவிழ்த்துவிடுவது என்றுதான் அப்போது நினைத்திருந்தான். பச்சையம்மாவின் முகத்தை நினைத்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

திரும்பி வரும்போது முகத்துவாரத்தின் இரண்டு பக்க மணல்திட்டிலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது. பசியாவரத்துக்காரர்கள், மேற்குக்கரைக்காரர்கள், தறிக்காரர்கள்கூட. பொன்னை ஏற்றிய தோணி அலையில் தடுமாறினால் பிடித்து இழுப்பதற்காக வந்திருந்தார்கள். சிலர் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைக் கரையில் இருப்பவன் கையில் கொடுத்திருந்தார்கள். இருசம்மாளின் புருஷன் மாரி கழுத்தளவு தண்ணீரில் நின்றான். இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் அவன் இறங்கியதே கிடையாது. நீந்தவும் தெரியாதவன்.

தோணி கவிழ்ந்தால் இவர்கள் அத்தனை பேரும் பெட்டிக்குப் பின்னால் பாய்வார்கள். ஏரித் தண்ணீர் வற்றத்தில் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பில் போனவர்களை அவன் ஊரிலேயே எத்தனையோ வீட்டில் படையலில் கும்பிடுகிறார்கள். இன்றைக்குப் போகிறவர்கள் போக, நாளைக்கும் அதற்கு மறுநாளும் வந்து முங்குவார்கள். அடியில் மண் குண்டுதான் இருக்கிறது என்று தெரியாமல் முங்கிக்கொண்டே இருப்பார்கள்.

துடுப்பை அழுத்திப் போட்டு அலையோடு தோணியைத் திட்டு மேல் ஏற்றினான். ஜனங்கள் ஆர்ப்பரித்து ஓடிவந்தார்கள். அவன் நங்கூரக் கல்லைத் தூக்கி முதல் பெட்டியின் பூட்டில் போட்டான். மூன்றாவது அடியில் மூடி பிளந்தது. பெட்டியைக் கவிழ்த்தான். குண்டுகள் ஈர மணலில் பொலபொலவென்று விழுந்து உருண்டன. நான்கு பெட்டியையும் அப்படியே உடைத்துக் கொட்டினான்.

மாரி ஒரு குண்டை எடுத்துப் பார்த்தான். "இன்னா இது?" என்றான், தெரியாத மாதிரி.

பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. அவர்கள் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திப் போய், கோட்டைச் சிப்பாய்கள் கடையை வளைத்துவிட்டார்கள். சம்பந்தம் ஓடவில்லை, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூட்டிப்போகும்போது, சொன்னபடியே, வாசலில் நின்று சொன்னார். "பசியாவரத்தாரைக் கேளுங்க. அவங்களுக்கு முழுசும் கொடுத்துட்டேன். நீலமேகத்துக்கு எல்லாம் தெரியும்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நீலமேகம் அங்கேயேதான் நின்றான். யாரோ ஒருவன் மீன் கூடையைத் தூக்கி அவன் மேல் எறிந்தான். பிறகு அடித்தார்கள். இருசம்மாள் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பச்சையம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைக்காரர்கள் கடைக்கு முத்திரை வைத்து, சாமான்களை ஏலம் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். இருசம்மாளுக்குக் கிடைத்தது கொலுசு விற்ற காசுக்கும் குறைவு. ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. மேற்குக்கரையிலிருந்து நான்கு பேர் பசியாவரத்துக்கு வந்து, ஊர்ப் பணத்தில் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள்.

"எங்க வலையில விழுந்த காசு. எங்களுக்கு வந்துச்சு. உங்களுக்கு வரலைன்னா நாங்க இன்னா பண்றது?" என்றார் அங்கமுத்து.

"குடுத்துடலாம் மாமா. பாதியாவது" என்றான் நீலமேகம். ஒரு கண் அப்போதும் வீங்கித்தான் இருந்தது.

"நீ பேசாதடா. நீ பேசினதுதான் இவ்வளவுக்கும்."

அதோடு முடிந்தது. பசியாவரத்துப் பெண்களுக்கு ஆரம்பாக்கத்துச் சந்தையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நீலமேகம் உப்பு ஏற்றிப் பிழைத்தான். அவன் தோணியில் ஆள் யாரும் ஏறுவதில்லை.

மழைக்குப் பிறகு மேற்கே புகை தெரிந்தது. முதலில் வைக்கோல் எரிகிறது என்றார்கள். பிறகு வேறு வேறு இடங்களில் தெரிந்தது. கடலில் தொடங்கின சண்டை தரையிலும் பரவி ஏரிப் பக்கம் வந்துவிட்டது. குதிரைக்காரர்கள் ஊர் ஊராகப் புகுந்து நெல்லை எடுத்துக்கொண்டு மீதியைக் கொளுத்துகிறார்கள் என்று ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. கையில் காசிருந்தவர்கள் வண்டி பிடித்தும் கப்பல் பிடித்தும் போனார்கள். சராப்புக்கடையில் போட்டுத் தொலைத்தவர்கள் ஏரிக்கரையில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் புகை, முன்னால் தண்ணீர்.

நீலமேகம் தோணியை எடுத்தான். ஊரில் யாரிடமும் கேட்கவில்லை. பச்சையம்மா முன்னால் உட்கார்ந்து கழி போட்டாள். மேற்குக் கரைக்குப் போனபோது ஜனங்கள் தோணியைப் பார்த்தார்கள், யாருடைய தோணி என்றும் பார்த்தார்கள். ஒரு கணம் யாரும் நகரவில்லை. பிறகு மாரி தன் சின்ன மகளைத் தூக்கிப் பச்சையம்மா மடியில் வைத்தான். அதற்குப் பிறகு எல்லோரும் ஏறினார்கள். அன்றும் மறுநாளும் தோணி போய் வந்துகொண்டே இருந்தது. பெட்டி ஏற்றிய நாட்களில்கூட அது அவ்வளவு அழுந்திப் போனதில்லை.

அங்கமுத்து துறையில் நின்று கத்தினார். "இவ்வளவு பேருக்கும் யாருடா சோறு போடறது?"

இறங்கினவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் அழுதன. சாயங்காலம் வரைக்கும் அங்கமுத்து துறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு பானை புதைத்த இடத்துக்குப் போனார். அந்தப் பணம் கோட்டைக் கிடங்கு அரிசியாக மாறி, கஞ்சியாக மாறி, தை வருவதற்கு முன்னாலேயே தீர்ந்துபோயிற்று. கஞ்சி போதவில்லை. கிழவர்களும் கைக்குழந்தைகளும் போனார்கள். இருசம்மாளின் பெரிய மகள் கழிச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டாள். அவளைத் தீவின் வடமுனையில் புதைத்தார்கள்.

சம்பந்தத்தை என்ன செய்தார்கள் என்று சரியாகத் தெரியவில்லை. கோட்டையே கைமாறிப்போன குழப்பத்தில் காவலிலிருந்து வெளியே வந்தார் என்றும், வடக்கே எங்கோ ஒரு சந்தையில் உரைகல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம் என்றும் சொன்னார்கள்.

நீலமேகம் அதற்கடுத்த வருஷம் ஆடியில் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. சாவுக்குப் பசியாவரத்தார் வந்தார்கள், ஆனால் வேகமாகக் கலைந்துவிட்டார்கள். மேற்குக் கரைக்குத் திரும்பிப்போயிருந்த இருசம்மாள் செய்தி கேட்டு ஏதோ ஒரு தோணியில் வந்து சேர்ந்தாள். அன்று கடைத்தெருவில் பார்த்ததற்குப் பிறகு பச்சையம்மாவிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அப்போதும் பேசவில்லை. அழவும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, பச்சையம்மாவின் முன்னால் வைத்து, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் துறைக்குப் போனாள்.